ரீயூனியன்காரரும் ஒட்டுசுட்டான் எல்லைக்கல்லும்

பாரிசுக்கு ஓடிவிடலாம் என்று நான் படித்த பிரெஞ்சு, கடைசியில் என்னை ஒட்டுசுட்டானுக்குத்தான் கொண்டுபோனது. போன ஐப்பசியில் மிஷேல் என்பவர் மொழிபெயர்க்க ஆள் தேடினார். ரீயூனியன் தீவுக்காரர். தமிழ் வம்சம், ஆனால் தமிழ் தெரியாது. அவருடைய முப்பாட்டனைப் பிரெஞ்சுக்காரன் கரும்பு வெட்டக் கப்பலேற்றினான். முப்பாட்டனின் தம்பியை ஆங்கிலேயன் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தான். அந்தத் தம்பியின் வழியில் வந்த புஷ்பம் அக்கா இன்று வன்னியில் நெல் விதைக்கிறார். கலவரத்துக்குப் பயந்து மலையை விட்டு இறங்கிய குடும்பம். அவரைப் பார்க்கத்தான் மிஷேல் வந்திருந்தார்.

வவுனியாவில் காலை ஆறரைக்குப் பஸ். புளியங்குளத்தில் திரும்பி நெடுங்கேணி வழியாக, ஏறக்குறைய அறுபது கிலோமீற்றர். இறங்கியதும் ஆட்டோவைப் போய்வரவே பேசிவிடுங்கள். திரும்பி வர வேறு வண்டி கிடையாது. எங்களிடம் இரண்டாயிரம் ரூபாய் கேட்டார் ஆட்டோக்கார நிசாம் அண்ணன்.

வழியில் கதையைக் கேட்டவர் உடனே தீர்ப்புச் சொன்னார். “உங்கட ஆளுக்கு நல்ல வெள்ளைக்காரன் கிடைச்சிருக்கிறான், தம்பி. எங்களைப் போர்த்துக்கேயன், ஒல்லாந்தன், இங்கிலீசுக்காரன் எண்டு மூண்டு பேர் ஆண்டும் என்ன மிஞ்சினது?”

“குசினி எண்ட சொல்லும் கதிரை எண்ட சொல்லும் மிஞ்சினதுதானே, அண்ணை.”

“அந்தக் கதிரையில ஆர் இருக்கிறதெண்டுதானே இவ்வளவு சண்டையும்!”

எனக்கும் அப்போது அவர் சொன்னது சரியென்றுதான் பட்டது. மிஷேலுக்கு ஓய்வூதியம் இருக்கிறது, காணி உறுதிப் பத்திரத்தோடு வீடு இருக்கிறது. அக்காவின் வயல் நடுவில் இருந்தது வன இலாகா நட்ட ஒரு புது எல்லைக்கல். அதற்கு அந்தப் பக்கம் காடாம், விதைக்கக் கூடாதாம்.

“நாங்க யுத்தத்தால முகாமில கிடக்கேக்க வளந்த மரம், தம்பி” என்றார் அக்கா. “ வந்து வெட்டித் திருத்தினனாங்கள். இப்ப அதைக் காடு எண்டினம். உறுதி எங்க எண்டு கேக்கினம்.”

உறுதியில்லாத நிலம் அரசுக்கே என்பது ஆங்கிலேயன் எழுதிய சட்டம். ஆத்திரத்தோடு மிஷேலுக்கு அதை விளக்கினேன். பிரெஞ்சு ஆட்சியில் இப்படி நடந்திருக்காது என்றார். அதை அக்காவுக்குச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

“இங்கிலீசுக்காரன் போய் எத்தினை வருசம்? இந்தக் கல்லை நட்டவன் போன மாசம் வந்தவன். என்னை அக்கா எண்டுதான் கூப்பிட்டவன். அதுசரி, இவற்ற ஊரை விட்டு வெள்ளைக்காரன் எப்ப போனவனாம்?”

அதை மிஷேலிடம் கேட்டேன். “இன்னும் போகவில்லை, நாங்கள் இன்றும் பிரான்சுதான்” என்றார்.

அவன் போகாததால் அவருக்கு ஓய்வூதியம் வருகிறது, மொழி போய்விட்டது. எங்களிடமிருந்து போனவன் சட்டத்தை விட்டுப்போனான். அதைத் துடைத்து வைத்து எங்கள்மீதே பாய்ச்சுவது நம்மவர்கள். இதற்கும் பிரித்தானியாவையே திட்டிக்கொண்டிருப்பது வசதியான சோம்பேறித்தனம்.

அன்று மாரிமழையை நம்பி விதைக்கும் காலபோக விதைப்புக்கு நாள் பார்த்திருந்தார்கள். முதல் பிடி விதைநெல்லை வயலுக்குரியவர்தான் எறிய வேண்டும். அக்கா கிழக்கே பார்த்துக் கும்பிட்டு, கல்லைத் தாண்டிப் போய், அந்தப் பக்கத்தில் எறிந்தார்.

“பிடிச்சால்?” என்றார் நிசாம் அண்ணன்.

“முளைச்சதை வந்து பிடுங்கட்டும் பாப்பம்.”

போகிறவர்களுக்கு: தண்ணீர் கொண்டுபோங்கள். யானை வரும், நாலு மணிக்கு முன் திரும்பிவிடுங்கள். மார்கழியில் போனால் அந்தக் கல்லுக்கு இரண்டு பக்கமும் பச்சையாக இருக்கிறதா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். எந்த வெள்ளைக்காரன் நல்லவன் என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.