லாபம், ரெண்டு, மூணு...

சென்ற ஆண்டு, ஆடி மாதம் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மாலை. இடம், மந்தைவெளியில் எங்கள் தெருவை ஒட்டிய விளையாட்டுத் திடல்.

எனக்கு ஒரு விசித்திரமான பொழுதுபோக்கு உண்டு. தலைக்கு மேலே போகும் செயற்கைக்கோள்களை வெறும் கண்ணால் பார்த்து, எத்தனை மணிக்கு வந்தது, எந்த நட்சத்திரம் அளவுக்குப் பிரகாசமாக இருந்தது என்று தேதி போட்டுக் குறித்து வைப்பேன். தி.நகர் அலுவலகத்திலிருந்து பஸ் ஏறும்போதே மேகம் இருக்கிறதா என்று அண்ணாந்து பார்க்கத் தொடங்கிவிடுவேன். "எல்லாரும் ரோட்டைப் பாத்து நடப்பாங்க, எங்க வீட்டம்மா மட்டும் மேல பாத்து நடப்பாங்க" என்பது என் கணவரின் நிரந்தர நையாண்டி.

தை மாதத்திலிருந்து நான் பின்தொடர்ந்துவந்தது ஒரு பழைய ராக்கெட்டின் பாகம். செயற்கைக்கோளைக் கொண்டுபோய் விட்டபின் வேலையற்று, குட்டிக்கரணம் போட்டபடி பூமியைச் சுற்றிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கரணத்துக்கும் ஒருமுறை பளிச்சென்று மின்னும். மின்னல்களுக்கு நடுவே உள்ள இடைவெளி மாதாமாதம் கூடுவதுபோல் எனக்குத் தோன்றியது. அதாவது கரணத்தின் வேகம் குறைகிறது. ஆனால் அது உயரம் குறைந்துகொண்டே வந்தது. இன்னும் சில நாட்களில் காற்றில் உரசி எரிந்துவிடும். சென்னை வானில் கண்ணுக்குத் தெரியும்படி வருவது அந்த ஞாயிறுதான் கடைசி. முந்தைய இரண்டு வாய்ப்புகளை மேகம் விழுங்கியிருந்தது. இதையும் தவறவிட்டால், என் ஆறு மாத வேலை முடிவு தெரியாமல் நின்றுவிடும்.

அன்று வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. ராக்கெட் வரவேண்டியது ஏழேகாலுக்கு. ஏழு மணிக்குத் திடலுக்குப் போனவளுக்குத் திக்கென்றது. ஓரத்தில் அம்மன் கோயில் ஆடித் திருவிழாப் பந்தல். அதற்கு மேலே, மூன்று மாடி உயரத்துக்கு சீரியல் லைட்டிலேயே அம்மன். பச்சையும் சிவப்புமாக மாறி மாறி எரிந்த அந்த வெளிச்சத்தில் ஒரு நட்சத்திரம்கூடத் தெரியவில்லை.

மைக் பிடித்திருந்தவர் தெருமுனை வெங்காய மண்டிக்காரர். தயங்கித் தயங்கி, "ஒரு சேட்டிலைட் வருது. அஞ்சு நிமிஷம் லைட்டை அணைக்க முடியுமா?" என்றேன்.

"இன்னா மேடம், வூட்ல டிவி அவுட்டா? கேபிள்காரன் நம்ம மச்சான்தான், சொல்லி அனுப்பட்டா?"

ராக்கெட்டைப் பற்றியும், அது மின்னுவதை எண்ண வேண்டியிருப்பதைப் பற்றியும் விளக்கினேன். புரிந்துகொண்டார், ஆனால் முகம் சுருங்கிவிட்டது. "திருவிழா அன்னிக்கி அம்மாவ இருட்டுல நிக்க வைக்கலாமா? நாளைக்கி எவனுக்காவது ஜொரம் வந்தா என் சட்டையத்தான் புடிப்பானுங்க."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. திரும்பி நடந்தேன்.

பந்தலுக்குப் பக்கத்தில், இரவு அம்மனுக்குச் சோற்றைக் குவித்துக் கும்பம் படைப்பதற்காகக் கருவாட்டுக் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்த பெண்மணி கரண்டியை உயர்த்தினார். "இரு யக்கா. ஏன் நைனா, கரண்டு வந்தப்புறமா அம்மா வந்தா? அகல் வெளக்கு எரிஞ்சிகினுதான கீது, அது போதும். லைட்ட நிறுத்து."

அந்தக் கரண்டிக்கு மேல்முறையீடு கிடையாது போலும். உடனே மைக் முழங்கியது: "பக்தகோடிகளுக்கு ஒரு அன்பான அறிவிப்பு. நம்ம அம்மாவ தரிசனம் பண்றதுக்கு வானத்துலேர்ந்து ஒரு ராக்கெட்டு வந்துகினு கீது. கண்ணடிச்சிகினே வருமாம். அதுக்கோசரம் லைட்டு ஆஃப் பண்றோம். செயினு, பர்ஸு பத்திரம்!"

விளக்குகள் அணைந்தன. கூட்டம் 'ஓ'வென்று கத்தியது. பந்தலுக்குள்ளே அகல் விளக்கின் வெளிச்சத்தில் அம்மன் முகம் மட்டும் மஞ்சளாகத் தெரிந்தது. மெல்ல மெல்ல வானம் வெளியே வந்தது. பிரகாசத்தை ஒப்பிட வேண்டிய நட்சத்திரங்களை, "சித்திரை, சுவாதி, கேட்டை..." என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

கரண்டியோடு பக்கத்தில் வந்து நின்றவர் திடுக்கிட்டார். "சுவாதியா? அது என் நட்சத்திரமாச்சே! அது நெசமாவே மேல கீதா?"

உச்சிக்குச் சற்று மேற்கே கைகாட்டினேன். அவர் கழுத்தை நன்றாகப் பின்னுக்குச் சாய்த்துப் பார்த்தார். "அர்ச்சனைக்கு அர்ச்சனை பேர மட்டும் சொல்லிகினு இருந்தேன். மூஞ்சிய இன்னிக்குத்தான் பாக்குறேன்" என்றார்.

அவ்வளவுதான், கூட்டம் என்னைச் சூழ்ந்துகொண்டது. "எனக்குக் கேட்டை!" "மேடம், பூசம் எங்க?" பூசம் சூரியனோடு மறைந்துவிட்டது என்றேன். "நம்மாளு எப்பவும் சீக்கிரமா கடைய சாத்திடுவான்" என்று ஒரு குரல். சிரித்துக்கொண்டே கிழக்கே திரும்பி ஒருவருக்குத் திருவோணம் காட்ட முயன்றேன். தென்மேற்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பதை அடியோடு மறந்துபோனேன்.

"லாபம்!" என்று அலறியது மைக்.

என் விரல் தானாகக் கையிலிருந்த ஸ்டாப்வாட்சை அழுத்தியது. மண்டியில் எடை போடும்போது முதல் எடையை யாரும் ஒன்று என்று சொல்லமாட்டார்கள். லாபம் என்றுதான் தொடங்குவார்கள். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் மொத்தத் திடலும் சேர்ந்துகொண்டது. "ரெண்டு! மூணு!" அதோ, மின்னி மறைந்து மின்னி, சுவாதியை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது என் ராக்கெட்.

பத்து இடைவெளிகளை அளக்கப் பதினொரு மின்னல்கள் வேண்டும். அதனால் முதல் மின்னலைப் பூஜ்யம் என்று எண்ணி, பத்தில் நிறுத்துவது என் வழக்கம். அன்று "பத்து!" என்று கத்தியபோது விரல் துடித்தது. அடக்கிக்கொண்டேன். "பதினொண்ணு!" என்றதும் அழுத்தினேன். ஆமாம், இடைவெளி கூடியிருந்தது. உச்சிக்கு வந்தபோது மின்னல் ஏறக்குறைய சுவாதி அளவுக்கே பிரகாசித்தது. "என் நட்சத்திரத்தோட போட்டிக்கா வருது?" என்று கரண்டி ஆட்டப்பட்டது.

விளக்குகள் எரிந்தன. கும்பச் சோற்றை வாழையிலையில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அந்த வாரமே ராக்கெட் எங்கோ கடலுக்கு மேலே எரிந்துபோனதாகச் செய்தி வந்தது.

இப்போதும் மாலைகளில் அதே திடலில் நிற்கிறேன். ஆனால் முதல் மின்னலைப் பூஜ்யம் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். நான் பார்க்கத் தவறியதை ஒரு தெருவே எனக்காகப் பார்த்து வைத்த அந்த நாளிலிருந்து, வானத்தில் தெரியும் முதல் வெளிச்சம் எனக்கு லாபம்தான்.