கேமரா உம் கொட்டாது

போன மாதம் ஒரு மதியம், என் வீட்டு ஹாலில் ஒரு பெண் உட்கார்ந்து ஜன்னலுக்குப் பக்கத்திலிருந்த கேமராவைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். கேமரா பதில் பேசவில்லை.

நான் பேசிவிட்டேன். அதுதான் வினை.

முதலில் அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் மரகதம். கொடைக்கானலில் எங்கள் பக்கத்து காட்டேஜில் ரிசப்ஷனிஸ்ட். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தாத்தா காலத்தில் திரும்பி வந்த குடும்பம். அம்மா இன்றைக்கும் கேரட் தோட்டத்தில் தினக்கூலி. மரகதம் தபாலில் படித்தே பி.காம் முடித்தவள். எப்பேர்ப்பட்ட டூரிஸ்டையும் பேசியே உட்கார வைத்துவிடுவாள். ஆனால் காட்டேஜை யாருக்கோ விற்றுவிட்டார்கள். மாதக் கடைசியில் பூட்டு. வேறு வேலை கிடைக்காவிட்டால் அம்மாவோடு கேரட் பிடுங்கப் போக வேண்டியதுதான்.

அந்த நேரம் பார்த்து கோயம்புத்தூர் ரிசார்ட் கம்பெனி ஒன்றிலிருந்து கடிதம். போனில் பேசி ரூம் புக் பண்ணித் தரும் வேலை. இன்டர்வியூ உண்டு — ஆனால் ஆள் கிடையாது!

எப்படி? ஐந்து கேள்விகளை அச்சடித்து அனுப்பியிருந்தார்கள். கேமரா முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிஷம் பதில் சொல்லி, சி.டி.யாக அனுப்ப வேண்டும். வெட்டி ஒட்டக் கூடாது. தமிழில் பேசலாம். கடைசியில் தடித்த எழுத்தில் ஒரு வரி — 'பதிவில் வேறு எவருடைய குரலும் இடம்பெறக் கூடாது.'

"சார், உங்ககிட்ட கேமரா இருக்கு தானே?" என்று வந்து நின்றாள்.

இருக்கிறது. மகளின் பள்ளி ஆண்டு விழாவுக்காக வாங்கிய ஹேண்டிகேம். அதில் நான் இதுவரை எடுத்ததில் பாதி, என் கட்டைவிரல்.

அதே கம்பெனிக்கு, ஸ்டோர்ஸ் வேலைக்கு, இன்னொருவரும் மனுப் போட்டிருந்தார். போளூர் பாண்டி. கொடைக்கானலுக்கும் மேலே, மலைக்குள் இருக்கும் கிராமம். வீட்டில் பூண்டு விவசாயம். என் கட்டைவிரலின் புகழ் போளூர் வரை பரவவில்லை போலிருக்கிறது. வெள்ளனே பஸ் பிடித்து, எட்டு மணிக்கே வாசலில் நின்றார். முடி படிய வாரி, சட்டைப் பட்டனைக் கழுத்து வரை போட்டிருந்தார்.

"வெரசா முடிச்சிருவோம் சார், சோலி கெடக்கு" என்றார். உட்கார்ந்தார். ஐந்து கேள்வி, ஐந்து பதில். பத்தே நிமிஷம். எனக்கே மூச்சு வாங்கியது.

"பயமே இல்லையா பாண்டி?"

"எதுத்தாப்ல ஆளே இல்லை, பயம் எதுக்குங்க? போன தடவ திண்டுக்கல்லுக்கு நேர்ல போயிருந்தேன். அஞ்சு பேரு உக்காந்திருந்தாங்க. ஒருத்தர் பஜ்ஜி தின்னுக்கிட்டே, 'போளூரா? அங்கன கரன்ட் வந்திருச்சா?'ன்னாரு. மத்த நாலு பேரும் சிரிச்சாங்க. அப்புறம் எனக்கு எங்க பதில் வரும்? இந்தக் கேமரா தங்கம் சார். சிரிக்காது, பஜ்ஜி திங்காது."

யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். என் முதல் இன்டர்வியூவில் நான் பேசி முடிக்கும்வரை அதிகாரி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். முடித்ததும், "கதவைச் சாத்திட்டுப் போங்க" என்றார். எதிரே மனிதர் இருந்தால் மட்டும் போதுமா என்ன?

மரகதத்தின் முறை அன்று மதியம் வந்தது. சி.டி.யை கூரியரில் சேர்க்க அன்றுதான் கடைசி நாள். காட்டேஜில் அதற்கு முன் லீவு கிடைக்கவில்லை. மூன்று மணிக்கு உட்கார்ந்தாள். கூரியர் ஆபீஸ் மூடுவது ஐந்து மணிக்கு.

"வணக்கம் சார். என் பேரு மரகதம்."

அவ்வளவுதான். நிறுத்திவிட்டாள்.

"என்னம்மா?"

"அவங்க திரும்பி வணக்கம் சொல்லலையே சார்."

"அது கேமராம்மா. சொல்லாது."

மறுபடி ஆரம்பித்தாள். இரண்டு வாக்கியம். ஒரு 'என்னங்க?'. பிறகு அந்த லென்ஸையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். நமக்கெல்லாம் அப்படித்தானே பழக்கம்? எதிரே இருப்பவர் 'உம்' போட்டால்தான் அடுத்த வாக்கியம் வரும். போனில் பேசும்போது அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை என்றால், 'ஹலோ... லைன்ல இருக்கீங்களா?' என்று பதறுகிறோம். உம் கொட்டாத ஒரு கண்ணாடித் துண்டிடம் போய் வாழ்க்கை வரலாற்றைச் சொல் என்றால்?

"ஆளில்லாத எடத்துல தனியா பேசினா எங்கம்மா வேப்பிலை எடுத்துருவாங்க சார்" என்றாள் மரகதம்.

நான் என் மூளையைக் கசக்கினேன். என் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒன்றை லென்ஸுக்குக் கீழே ஒட்டினேன். "இந்த முகத்தைப் பார்த்துப் பேசும்மா."

மரகதம் நாலு வார்த்தை பேசிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "சார்... சிரிப்பு வருது சார்."

சமையலறையிலிருந்து என் மனைவி வசந்தாவின் குரல் வந்தது. "எனக்கு இருபத்தி மூணு வருஷமா அதே பிரச்சினைதாம்மா. பழகிரும்."

போட்டோவைக் கிழித்தேன். மணி மூன்றரை. ஜன்னல் வழியாக மேகம் உள்ளே வந்து கேமராமேல் உட்கார்ந்துகொண்டது. லென்ஸைத் துடைத்தேன். குக்கர் விசில் அடித்தது. வசந்தாவிடம் அடுப்பை அணைக்கச் சொன்னேன். கடைசியாக ஒரு யோசனை... நானே கேமராவுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தலையை மட்டும் ஆட்டுவது. வாயைத் திறக்கக் கூடாது. அவ்வளவுதானே?

யோசனை பலித்தது. நான் தலையாட்ட ஆட்ட மரகதம் அருவியாகக் கொட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. கழுத்து வலித்தது. பரவாயில்லை.

ஐந்தாவது கேள்வி — 'நீங்கள் சமாளித்த இக்கட்டான சூழ்நிலை ஒன்றைச் சொல்லுங்கள்.'

"போன மே மாசம் சார். நல்ல சீசன். சாயந்தரம் மழை. மதுரைலருந்து ஒரு குடும்பம் வந்து நிக்குறாங்க. கைப்பிள்ளை வேற. ரூம் புக் பண்ணியிருக்கோம்ங்குறாங்க. ரெஜிஸ்டர்ல அவங்க பேரே இல்ல. அந்த அய்யா கத்துறாரு, கத்துறாரு... நான் ஒண்ணுமே பேசல சார். கத்தி முடிக்கட்டும்னு இருந்தேன். முடிச்சாரு. டீ வாங்கிக் குடுத்தேன். பெறகு ஒவ்வொரு லாட்ஜா போன் போட்டேன். எங்கயும் ரூம் இல்ல. அந்தப் பிள்ளைக்கு உடம்பு சுட ஆரம்பிச்சிருச்சு..."

வசந்தா கரண்டியோடு ஓடிவந்து கடிகாரத்தைக் காட்டினாள். இரண்டு நிமிஷம் ஆகிவிட்டது. சட்டென்று பட்டனை அமுக்கினேன். மணி நாலேகால். டேப்பைப் பிடுங்கிக்கொண்டு, மழைத் தூறலில் ஏழு ரோடு சந்திப்பிலிருக்கும் ஸ்டூடியோவுக்கு ஓடினோம்.

ஸ்டூடியோக்காரர் டேப்பை ஓட விட்டு, சி.டி. போட ஆரம்பித்தார். ஐந்தாவது பதில் வந்தபோது காதைத் தீட்டினார்.

"சார், உள்ள யாரோ முனகுறாங்களே?"

கேட்டோம். மரகதத்தின் குரல், 'ரெஜிஸ்டர்ல அவங்க பேரே இல்ல.' பக்கத்திலேயே கனமாக ஒரு ஆண் குரல், 'அடப்பாவமே!' பிறகு 'உம்...' பிறகு 'உம் உம்...' கடைசியில், பட்டனை அமுக்கும் முன்னால், மிகத் தெளிவாக...

'அப்புறம்?'

சத்தியமாகச் சொல்கிறேன், நான் வாயைத் திறந்ததே எனக்குத் தெரியாது.

மணி நாலே முக்கால். திரும்பிப் போய் எடுக்க நேரமில்லை. வெட்டவும் கூடாது என்று கடிதத்திலேயே இருக்கிறது. நான் மரகதத்தின் முகத்தைப் பார்க்கவில்லை. ஸ்டூடியோ சுவரில் சிரித்துக்கொண்டிருந்த கல்யாண ஜோடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அனுப்பிருவோம் சார்" என்றாள். "அனுப்பாட்டிக் கண்டிப்பா கிடைக்காது தானே?"

திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

ஒரு வாரத்தில் பாண்டிக்கு ஆர்டர் வந்துவிட்டது. பூண்டு மூட்டையோடு வந்து செய்தி சொன்னார். "என் மூஞ்சியப் பாத்திருக்காக, பேசினதக் கேட்டிருக்காக, அம்புட்டுதான் சார். ஊர் பேர வச்சு யாரும் சிரிக்கல." மரகதத்துக்கு ஒன்றும் வரவில்லை. காட்டேஜ் வாசலில் அவளைப் பார்த்தால் நான் சுற்று வழியாகப் போக ஆரம்பித்தேன். வீட்டில் சொல்லவே வேண்டாம். நான் எதற்காவது 'உம்' என்றால், "அந்த வாயி சும்மா இருக்காதா?" என்றாள் வசந்தா. மாதம் முடிய நாலே நாள் இருந்தது.

அப்போதுதான் எங்கள் வீட்டு போன் அடித்தது. விண்ணப்பத்தில் என் நம்பரைத்தான் கொடுத்திருந்தாள். கோயம்புத்தூரிலிருந்து ஒரு அம்மாள். லைனில் இருக்கச் சொல்லிவிட்டு, செருப்புகூடப் போடாமல் ஓடிப்போய் மரகதத்தைக் கூட்டிவந்தேன்.

அவள் பேசியது மட்டும்தான் எங்களுக்குக் கேட்டது.

"வணக்கம் மேடம்... ஆமாங்க மேடம்... அது பக்கத்து வீட்டு சார் மேடம். வேணும்னு பண்ணல, கதை கேட்டா அவருக்கு அப்படித்தான்... இல்லைங்க மேடம், சொல்லிக் குடுக்கல, உம் மட்டும்தான் போட்டாரு... சரிங்க மேடம், விதி தெரியும். அந்த சி.டி.ய எடுத்துக்க முடியாதுன்னா பரவால்ல மேடம்..."

நான் சோபாவில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்னங்க மேடம்?... அதுவா?... எங்கயும் ரூம் கிடைக்கலைங்க மேடம். எங்க வீட்டுக்கே கூட்டிப் போயிட்டேன்."

போனின் அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று தெரியாது. மரகதத்தின் முகம் மலர்ந்தது. சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டு, கையை ஆட்டி ஆட்டிப் பேச ஆரம்பித்தாள்.

"ரெண்டே ரூம்தான் மேடம் எங்க வீடு. அம்மா தேங்காப்பூ போட்டு ரொட்டி சுட்டுக் குடுத்தாங்க. பிள்ளைக்குக் கசாயம். அந்த அய்யா ஒண்ணுமே பேசல. காலையில கெளம்பும்போது அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டாரு..."

பத்து நிமிஷம் பேசினாள். இரண்டு நிமிஷக் கணக்கெல்லாம் கிடையாது. போனை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தாள்.

"திங்கக்கிழமை நேர்ல வரச் சொல்றாங்க சார். அந்த மேடமும் உக்காருவாங்களாம். கதை பாதியில நின்னதுல ராத்திரி தூக்கமே வரலைங்குறாங்க."

"நீ பேசும்போது அவங்க என்ன சொல்லிக்கிட்டே இருந்தாங்க?" என்றேன்.

"வேறென்ன சார்? 'உம்... அப்புறம்?'தான்."

திங்கட்கிழமை போனாள். வேலை கிடைத்துவிட்டது. ஒன்றாம் தேதி சேர்ந்தும்விட்டாள். பாண்டிக்கு அந்தக் கேமரா தங்கம்தான். அதை நான் மறுக்க மாட்டேன். மரகதத்துக்கு ஒரு காது வேண்டியிருந்தது. இரண்டு பேருக்கும் ஒரே கடிதத்தை அச்சடித்து அனுப்பிய புண்ணியவான் யார் என்றுதான் தெரியவில்லை.

அது சரி... வாரா வாரம் நான் இந்தப் பத்திரிகையில் உட்கார்ந்து உங்களிடம் பேசிக்கொண்டே இருக்கிறேனே, அந்தப் பக்கம் நீங்கள் இருக்கிறீர்களா?

எதற்கும் ஒரு 'உம்' போட்டு வையுங்கள்.