பல்வலிப் படிக்கட்டு

எங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில், ரேஷன் கார்டுக்குப் பக்கத்தில், ஒரு பித்தளை விசில் கிடக்கிறது. நூல் கறுத்துவிட்டது. உள்ளே உருளும் தக்கை தேய்ந்து பாதியாகிவிட்டது. எண்பதுகளின் தொடக்கத்தில், சங்கரன்கோவிலிலிருந்து குருவிகுளம் வழியாகத் திருவேங்கடம் போகும் ஒரு தனியார் பஸ்ஸில் நான் கண்டக்டராக இருந்தபோது ஊதியது. ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போகலாம். இதற்கு என்ன பெரிய படிப்பு வேண்டும்? பச்சைப் பிள்ளைகூட ஊதும். ஆனால் அந்த விசிலை என்னால் ஊத முடியாமல் போன காலம் ஒன்று உண்டு. இப்போது சொன்னால் எனக்கே சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அழுகைதான் வந்தது.

ஒரு சந்தை நாள். திருவேங்கடத்தில் வெள்ளரிக்காய்க் கூடையோடு ஓர் அம்மாள் ஏறிக்கொண்டிருந்தாள். ஒரு கால் படியில், ஒரு கால் தரையில். நான் பார்க்காமல் இரண்டு விசில் கொடுத்துவிட்டேன். டிரைவர் அண்ணாச்சியும் வண்டியை எடுத்துவிட்டார். அந்த அம்மாள் கூடையோடு விழுந்தாள். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். எழுந்து, சேலையில் மண்ணைத் தட்டி, "ஏலே, ஒனக்குக் கண்ணு பொடதியிலயா இருக்கு?" என்று திட்டி, வெள்ளரிக்காயை எல்லாம் என்னையே பொறுக்க வைத்து, அதே பஸ்ஸில் ஏறி வந்தாள். இறங்கும்போது, "சரி, மூஞ்சிய அப்பிடி வச்சிக்கிடாத" என்று ஒரு பிஞ்சையும் என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அவளுக்கு அது அன்றைக்கே முடிந்துபோனது.

எனக்கு முடியவில்லை. மறுநாள் விசிலை வாய்க்குக் கொண்டு போனேன், நெஞ்சு திடுதிடுவென்று அடித்தது. கை வேர்த்தது, மூச்சு வரவில்லை. அன்றிலிருந்து பஸ்ஸின் தகரத்தைத் தட்டி, "ரைட் ரைட்" என்று கத்தியே காலம் தள்ளினேன். தொண்டை கட்டியது. முதலாளி காதுக்கும் செய்தி போய்விட்டது. "விசில் ஊதாத கண்டக்டர் எனக்கு எதுக்குடே? பொங்கல் வரைக்கும் பாப்பேன்" என்று சொல்லிவிட்டார். வீட்டில் மனைவி, மூன்று மாதக் கைக்குழந்தை. பொங்கலுக்கு அப்போது இரண்டரை மாதம்கூட இல்லை.

அரசு ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒன்றுமில்லை என்றார்கள். மனைவி கோயில் புற்றுமண்ணை நெஞ்சில் பூசிவிட்டாள். அம்மன் சந்நிதிக்கு முன்னால் தரையில் அமைத்திருக்கும் சக்கரத்தில் ஒருநாள் உட்காரவும் வைத்தாள். மனசு சரியில்லாதவர்கள் அங்கே உட்காருவது எங்கள் சங்கரன்கோவில் வழக்கம். ஊரே பார்க்க உட்காரலாம், அதில் ஒரு வெட்கமும் கிடையாது. ஆனால் அதே மனசுக்கு டாக்டரிடம் போனால் மட்டும் பைத்தியம் என்று பெயர் கட்டிவிடுவார்கள். என்ன நியாயமோ! ஆஸ்பத்திரி டாக்டர் ஒரு சீட்டில் விலாசம் எழுதித் தந்தார். பாளையங்கோட்டையிலிருந்து வியாழக்கிழமைதோறும் வந்து தனியாகப் பார்க்கிற ஒரு மனநல டாக்டரம்மா, உரக்கடை மாடியில், பல் டாக்டருக்கு எதிர் அறை. மனைவியிடம்கூடச் சொல்லாமல் சட்டைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டேன்.

முதல் வியாழக்கிழமை அந்தக் கடையை மூன்று முறை கடந்து போனேன். படியில் கால் வைக்கத் துணிவில்லை. அப்போது ஒருவர் கைக்குட்டையால் கன்னத்தைப் பொத்திக்கொண்டு, முனகிக்கொண்டே படியேறினார். மேலே போனதும் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துவிட்டு, பல் டாக்டர் பக்கம் திரும்பாமல் எதிர்ப் பக்கம் திரும்பினார். அடுத்து வந்தவரும் அப்படியே. அடப்பாவிகளா என்று நினைத்தேன். என் கையும் கைக்குட்டையைத் தேடியது. வீட்டிலும் பல்வலி என்றே சொல்லிவைத்தேன். எங்கள் ஊரில் வியாழக்கிழமை மட்டும் அத்தனை பேருக்குப் பல் வலித்தது. பாவம், அந்தப் பல் டாக்டர் வாசலில் நின்று, "இதுல ஒருத்தராவது நம்ம பக்கம் திரும்புதாரான்னு பாக்கேன்" என்பார்.

ஊசி போடுவார்கள் என்று நினைத்துக் சட்டைக்கையை மடித்துவிட்டுப் போயிருந்தேன். டாக்டரம்மா, "என்ன நடந்துச்சு, சொல்லுங்க" என்றார், அவ்வளவுதான். இரண்டு வாக்கியத்தில் முடித்தேன். "ம், அப்புறம்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். ஒரு மனுஷர் இவ்வளவு நேரம் குறுக்கே பேசாமல் கேட்பார் என்பதே எனக்குப் புதுசு. பஸ்ஸில் மூச்சு விடுவதற்குள் முப்பது பேர் பதில் சொல்வார்கள். மூன்றாவது வாரம், "அந்த வெள்ளரிப் பிஞ்சைத் தின்னீங்களா?" என்று கேட்டார். இல்லை, குருவிகுளம் தாண்டும்போது ஜன்னல் வழியே எறிந்துவிட்டேன் என்றேன். "அவங்க குடுத்துட்டாங்க. நீங்கதான் வாங்கிக்கல" என்றார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு அழுகை வந்ததோ, கைக்குட்டை அன்றுதான் உண்மையிலேயே நனைந்தது.

அழுது முடித்து இறங்கும்போது எதிரே படியேறி வந்தவர் டிரைவர் அண்ணாச்சி. பெரிய மீசை, ரோட்டில் எருமை குறுக்கே வந்தால் அதன் ஏழு தலைமுறையையும் திட்டுகிற வாய். அவர் துண்டால் கன்னத்தைப் பொத்தியிருந்தார். இருவரும் நின்றுவிட்டோம். "ஏலே, பல்லா?" என்றார். "பல்லுதான் அண்ணாச்சி. உங்களுக்கு?" "கடவாப் பல்லு. உயிர் போகுது" என்று சொல்லி மேலே போய்விட்டார். நான் அதை அப்படியே நம்பினேன். மறுநாள் வண்டி எடுக்கும் முன் எனக்கு ஒரு பொட்டலம் கிராம்பு கொடுத்தார், நானும் அவருக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். இப்படி இரண்டு வாரம் ஒருவருக்கொருவர் கிராம்பு தின்னக் கொடுத்தோம். இடையில் ஒரு வியாழன் அதே படியில் என்னை உற்றுப் பார்த்து, "ஏலே, போன வாரம் இடது கன்னம்லா வீங்கியிருந்துச்சு?" என்றார். சட்டென்று கையை மாற்றினேன். அவருடைய துண்டும் கன்னம் மாறியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

மார்கழி முடியப்போகும் சமயம் டாக்டரம்மா ஒரு வேலை கொடுத்தார். ஆள் இல்லாத பஸ்ஸில் தினமும் பத்துத் தடவை ஊதிப் பார்க்க வேண்டும், நம்பிக்கையான ஒருவர் ஓட்ட வேண்டும். எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? "அண்ணாச்சி, பல் டாக்டர் ஒரு வேலை சொல்லியிருக்காரு" என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அண்ணாச்சி வெகுநேரம் மீசையைத் தடவினார். "எனக்கும்தாம்லே" என்றார் கடைசியில். "அந்தப் பொம்பளை விழுந்ததுலேருந்து, நீ தகரத்தத் தட்டினாலும் நான் கண்ணாடிய ஏழெட்டு வாட்டி பாக்கேன். காலு கிளச்ச விட மாட்டேங்கு. ஒரு வாட்டி மட்டும் பாத்துட்டு எடுங்கன்னு சொல்லியிருக்கு அந்தம்மா." அந்த முரட்டு மனுஷரின் கண் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன். ஒரே பஸ்ஸின் முன்பக்கமும் பின்பக்கமும் இருந்துகொண்டு, இரண்டு பேரும் ஒரே பயத்தைத் தனித்தனியாகச் சுமந்திருக்கிறோம்.

காலை முதல் நடைக்கு முன் காலி பஸ்ஸை நான்கு அடி எடுப்போம், நிறுத்துவோம், எடுப்போம். முதல் நாள் காற்றுதான் வந்தது. போகிக்கு முந்தின நாள், திருவேங்கடத்தில், நிறைந்த வண்டியில், படியைக் குனிந்து ஒரு முறை பார்த்துவிட்டு இரண்டு விசில் ஊதினேன். அண்ணாச்சி கண்ணாடியை ஒரே ஒரு முறை பார்த்தார். வண்டி நகர்ந்தது. பயணிகள் யாரும் கவனிக்கவே இல்லை. எனக்கு மட்டும் தேர் நகர்ந்த மாதிரி இருந்தது.

பொங்கலன்று சந்தோஷத்தில் கரும்பைக் கடித்து இழுத்தேன். இரண்டு மாதமாகக் குழைந்த கஞ்சி வைத்துக் கொடுத்த மனைவி இடுப்பில் கை வைத்து நின்றாள். "ஏங்க, பல்வலிக்காரரு கடிக்கிற கடியா இது?" எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு, "அப்போ நான் ஆக்குன கஞ்சியெல்லாம்?" என்று ஒரு வாரம் பேசவில்லை.

அன்றைய கைக்குழந்தைக்கு இப்போது நாற்பது தாண்டிவிட்டது. லீவுக்கு வந்தவள் போன வாரம் காலையில், "அப்பா, இன்னைக்கு எனக்கு முதல் தெரபி. டிவிய கொஞ்சம் கொறைங்க" என்று முன்னறையில் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தாள். என் கை தன்னால் போய்த் தெருக்கதவைச் சாத்தியது. "எதுக்குப்பா சாத்துதீங்க? காத்து வரட்டும்" என்றாள். திறந்துவிட்டேன். கன்னத்தைப் பொத்தாமல் அவள் பேசுவதைப் பார்க்க எனக்குப் பெருமையாகவும் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

கொல்லைப் பக்கம் போய்க் குருவிகுளத்தில் இருக்கும் டிரைவர் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். எண்பதைத் தாண்டிவிட்டார், காது மந்தம். மகள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு டாக்டரிடம் பேசுகிறாள் என்று கத்திச் சொன்னேன். வெகுநேரம் சிரித்தார். "நம்ம பிள்ளை தைரியசாலிலே. நான் எம்பொண்டாட்டி சாகுற வரைக்கும் கடவாப் பல்லுன்னேதான் சொன்னேன்" என்றார். பிறகு குரல் இறங்கியது. "விசில் வச்சிருக்கியாலே? ஒருவாட்டி ஊது, கேப்போம்."

உள்ளே போய் எடுத்து வந்து போனில் ஊதினேன். இரண்டு. நெஞ்சு அடிக்கவில்லை.

"கண்ணாடியப் பாத்துட்டேம்லே, படியில யாரும் இல்ல" என்றார் அண்ணாச்சி. "போலாம்."