கண்ணப்பன் பாருக்குப் போகும் வழி

துளசிங்கம் கடைசியாகக் கடலுக்குப் போய் ஆறு வருடங்கள் ஆகின்றன. அன்று கரையேறும்போது அலை தூக்கிப்போட்ட ஃபைபர் படகின் விளிம்பு அவர் இடுப்பில் மோதியது. எலும்பு கூடிவிட்டது, நடைதான் பழையபடி ஆகவில்லை. அதற்குப் பிறகு லைட்ஹவுஸ் குப்பத்தின் வலைக்கூடத்தில், கிழக்குத் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மற்றவர்களின் வலைகளில் கிழிசல் அடைத்துக்கொண்டிருந்தார். அவர் கை பட்ட வலை அதே இடத்தில் மறுபடி கிழியாது என்று ஊரில் சொல்வார்கள். பெரிய திறமை என்று சொல்வதற்கில்லை. பொறுமை இருந்தது, வேறு வேலை இல்லை.

எண்ணூரில் கட்டிக்கொடுத்த மகள் மாலா, புதுப் போன் வாங்கியபோது பழையதை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனாள். ஒரு மத்தியானம் காற்று எப்படி இருக்கும் என்று பார்க்க, பழவேற்காடு என்று அதில் தட்டினார். காற்று வரவில்லை. பதினொரு வருடங்களுக்கு முன் யாரோ ஒருவர் ஏரிக்குப் பறவை பார்க்க வந்ததை எழுதிவைத்திருந்த பக்கம் வந்தது. விடியற்காலைக் குளிர், தூரத்தில் பூநாரைகள், படகில் தின்ற பன். பக்கத்தின் ஓரத்தில் ‘நான் படிப்பவை’ என்று ஒரு பட்டியல். அதில் ஒரு பெயரை அழுத்தினார். அங்கே இன்னொரு பட்டியல் இருந்தது.

அப்படியே போய்க்கொண்டே இருந்தார். மதுரையில் மொட்டை மாடியில் பாகற்காய் வளர்க்கும் பெண் ஒருத்தி, ஒவ்வொரு காய்க்கும் தேதி போட்டிருந்தாள். ஒருவர் பழைய வால்வு ரேடியோக்களைப் பிரித்து மாட்டினார். ஒருவர் பேனா நிப்புகளைப் பற்றி மட்டுமே நூற்று நாற்பது பதிவுகள் எழுதியிருந்தார். நார்வேயில் இருந்த ஒரு இலங்கைத் தமிழர் பனியை அள்ளும் விதத்தை விளக்கினார். எறும்புகளை மட்டும் படம் பிடிப்பவர் ஒருவர்.

துளசிங்கத்துக்கு இது பிடிபடவில்லை. இவர்களில் ஒருவருக்கும் இந்தக் காரியத்தால் சோறு கிடைக்கவில்லை. ஆனாலும் சோற்றுக்காகச் செய்கிறவனைவிடக் கவனமாகச் செய்தார்கள். தான் அப்படி ஒன்றையும் செய்ததில்லை என்பதை ஐம்பத்திரண்டு வயதில் கண்டுகொள்வது சந்தோஷமான விஷயமல்ல.

இன்னொன்றையும் கவனித்தார். பெரும்பாலான பக்கங்கள் நின்றுபோயிருந்தன. கடைசிப் பதிவில் ஏறக்குறைய எல்லோரும் ஒரே வாக்கியத்தை எழுதியிருந்தார்கள்: “கொஞ்ச நாளாக எழுத முடியவில்லை, இனி அடிக்கடி எழுதுவேன்.” தேதியைப் பார்த்தால் பத்து வருடம், பன்னிரண்டு வருடம் ஆகியிருக்கும். பாகற்காய்க்காரிக்கு, “அம்மா, இப்போதும் காய்க்கிறதா?” என்று எழுதினார். பதில் இல்லை.

“செத்தவங்க வூட்டுக் கதவத் தட்டிகினு கீற,” என்றாள் மனைவி இருசம்மாள், கருவாட்டைத் திருப்பிப் போட்டபடி. “உயிரோட கீறவ நான் கூப்பிட்டா காது கேக்காது.”

“எல்லாம் செத்துட்டாங்கன்னு உனுக்கு எவன் சொன்னான்?”

“அப்ப மரியாத தெரியாதவங்க. கேட்டா பதில் சொல்ல மாட்டாங்களா?”

பதில் சொன்னவர் ஒரே ஒருவர்தான். ஈரோட்டில் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பூபதி. கயிற்றில் போடும் முடிச்சுகள் மட்டுமே அவருடைய பக்கம். மாடு கட்டும் முடிச்சு, லாரிப் பாரம் கட்டும் முடிச்சு, பூக்காரி போடும் முடிச்சு என்று ஒவ்வொன்றுக்கும் கையால் வரைந்த படம் வைத்திருந்தார். வலைக்கண் முடிச்சின் படத்தில் நூல் நுனி தவறான பக்கம் போயிருந்தது. “இப்படிப் போட்டால் ஈரத்தில் நழுவும்,” என்று துளசிங்கம் எழுதினார். மறுநாளே புதுப் படம் வந்தது. கீழே, “திருத்திய துளசிங்கம் ஐயாவுக்கு நன்றி.”

ஐயா என்று அவரை யாரும் அழைத்ததில்லை. அந்த வரியைப் பல முறை படித்தார்.

ஏழெட்டு மாதம் இருவரும் எழுதிக்கொண்டார்கள். ஒரு நாள் பூபதி கேட்டார்: “கரையில் கயிற்றைக் கட்ட ஒரு முளை உண்டு. நடுக்கடலில் ஒன்றுமில்லை. போன இடத்துக்கே மறுபடி எப்படிப் போகிறீர்கள்?”

இதற்கு ஒற்றை விரலால் மூன்று நாள் தட்டி துளசிங்கம் பதில் எழுதினார். கரையிலிருக்கும் இரண்டு பொருள்களை ஒன்றின் பின்னால் ஒன்றாக நிறுத்தினால் ஒரு கோடு கிடைக்கும். வேறு பக்கம் இன்னும் இரண்டு பொருள்கள், இன்னொரு கோடு. இரண்டும் வெட்டுகிற இடத்தில் படகு நிற்கும். உதாரணம் சொல்லாமல் இது விளங்காது. அவருக்கு நன்றாகத் தெரிந்த உதாரணம் ஒன்றுதான். கோயிலுக்குப் பின்னாலிருக்கும் ஒற்றைப் பனை கலங்கரை விளக்கத்துக்குப் பின்னால் மறைய வேண்டும். தெற்கே அனல்மின் நிலையத்தின் இரண்டாவது புகைபோக்கி துறைமுகக் கிரேனின் தலைமேல் வந்து நிற்க வேண்டும். அந்த இடத்துக்குக் கீழேதான் கண்ணப்பன் பார்.

பார் என்பது கடலடிப் பாறைத்திட்டு. இருசம்மாளின் தம்பி கண்ணப்பன் பதினைந்து வருடங்களுக்கு முன் கண்டுபிடித்தது. சங்கரா, களவா மீன்கள் அங்கே ஒதுங்கும். மற்ற இடங்களில் வெறும் வலை வருகிற மாதங்களில் ஊரின் பன்னிரண்டு படகுகளையும் அதுதான் காப்பாற்றியது. ஊரில் ஒரு கட்டுப்பாடு இருந்தது: ஜிபிஎஸ் கருவியில் குறித்த எண்ணை அடுத்த ஊர்ச் சம்பந்திக்குக்கூடச் சொல்லக் கூடாது. இது துளசிங்கத்துக்குத் தெரியாததல்ல. ஆனால் அவர் மீன்காரனிடம் சொல்லவில்லை. ஈரோட்டில் கடல் இல்லை. முடிச்சுக்காக முடிச்சு போடுகிற ஒரு மனிதருக்குச் சொன்னார். சோற்றோடு சம்பந்தமில்லாத இடத்தில் சோற்றைப் பற்றிய பயமும் வேண்டியதில்லை என்று நினைத்தார் போலும்.

பூபதி அதைத் தனிப் பதிவாக, படம் வரைந்து, துளசிங்கம் பெயரில் போட்டார். பதினொரு பேர் பாராட்டினார்கள். பன்னிரண்டாவதாக ஒருவர், “சூப்பர் தகவல், தேங்க்ஸ்,” என்றார்.

தை மாதம் நகரத்திலிருந்து பொழுதுபோக்குத் தூண்டில்காரர்கள் வாடகைப் படகில் பாருக்கு வந்தார்கள். அடுத்த மாதம் வேறு ஊர்ப் படகுகள், மீன்கூட்டத்தையே வளைத்து அள்ளும் சுருக்குமடி வலையோடு வந்தன. மூன்று விடியலில் பார் காலியானது.

கண்ணப்பன் வலைக்கூடத்துக்கு வந்தபோது துளசிங்கத்தின் மடியில் கிடந்தது அவனுடைய வலைதான். எதிரில் குந்தி உட்கார்ந்தான்.

“மாமா, தூண்டில் போட வந்த ஒருத்தன மடக்கிப் புடிச்சேன். வழி எவன்டா சொன்னான்னு கேட்டா, போனக் காட்டுறான். ‘உங்க ஊருக்காரர்தாங்க எழுதிகிறாரு, ரொம்ப அறிவாளி’ன்றான். படம் போட்டு உன் பேரு கீது.”

துளசிங்கம் ஊசியைக் கீழே வைத்தார். “அது முடிச்சப் பத்தி எழுதுறவரு, கண்ணப்பா. பேங்க்குல வேல பாத்தவரு.”

“பேங்க்காரனுக்கு இன்னாத்துக்கு மாமா என் பாரு? லோன் குடுக்கவா?”

“தெரிஞ்சிக்கத்தான் கேட்டாரு.”

“தெரிஞ்சிகினு?”

கண்ணப்பன் சத்தம் போடவில்லை, போட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

“ஊர்ல இன்னும் நான் வாயத் தொறக்கல. அந்தச் சுருக்குமடிப் பசங்கள வழி மறிச்சாச்சி. ரெண்டு வருசம் வுட்டா மீன் திரும்பி ஒதுங்கும். ஆனா அந்தப் படம் அங்க இருந்தா வந்துகினேதான் இருப்பானுங்க. ஞாயித்துக்கெழம கூட்டம். அதுக்குள்ள நீ அழிச்சிட்டேன்னா, தெரியாம பண்ணிட்டாருன்னு நான் பேசிக்கிறேன். அழிக்கலன்னா உன் கையில எவனும் வல குடுக்க மாட்டான். நானும் குடுக்க முடியாது.”

அன்று செவ்வாய்க்கிழமை. “ஐயா, அந்தப் பதிவைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள், அவசரம்,” என்று துளசிங்கம் பதிவின் கீழே எழுதினார். பூபதியின் தொலைபேசி எண் அவரிடம் இல்லை, கேட்கத் தோன்றியதில்லை. மேலே போய்க் கடைசிப் பதிவைப் பார்த்தார். ஒன்றரை மாதத்துக்கு முந்தையது. ஒரு சின்னப் பரிசோதனைக்காக மருத்துவமனைக்குப் போவதாகவும், வந்ததும் ஏணி முடிச்சைப் பற்றி விரிவாக எழுதுவதாகவும் இருந்தது.

அந்த மாதிரி வாக்கியத்தை அவர் எத்தனையோ பக்கங்களில் படித்திருக்கிறார். மணிக்கொரு தரம் திறந்து பார்த்தார். புதன் போனது, வியாழன் போனது.

வெள்ளிக்கிழமை பதில் வந்தது. தன் சொந்தக் கணக்கிலிருந்து எழுதியவள் பூபதியின் மகள் வித்யா.

“அப்பா போன மாதம் காலமாகிவிட்டார். மன்னிக்கவும், இந்தப் பக்கத்தின் கடவுச்சொல் எங்களில் யாருக்கும் தெரியாது. அவர் போனையும் திறக்க முடியவில்லை. எதையும் எடுக்கவோ சேர்க்கவோ முடியாது. ஒருவிதத்தில் அதுவும் நல்லதுதான், அவர் அப்படியே இருக்கிறார். உங்கள் பதிவைத்தான் ஆஸ்பத்திரியில் நர்ஸுக்குப் படித்துக் காட்டினார். கடலை நேரில் பார்க்க வருவதாக இருந்தார்.”

துளசிங்கம் “அம்மா, அந்த ஒன்றை மட்டும்” என்று தட்டத் தொடங்கினார். அவள் எழுதியதை மறுபடி படித்துவிட்டு அதை அழித்தார். அவரால் அழிக்க முடிந்தது அந்த அரை வரியைத்தான். “வருந்துகிறேன்,” என்று மட்டும் அனுப்பினார்.

அப்போதுதான் பக்கத்தின் ஓரத்தைப் பார்த்தார். ‘அதிகம் படிக்கப்பட்டவை’ என்ற பட்டியலில் அவருடைய பதிவு முதலில் நின்றது. செவ்வாய்க்கிழமை நான்காவதாக இருந்தது. பதிவைத் திறந்து, எத்தனை தரம் படிக்கப்பட்டது என்று கீழே இருந்த எண்ணைப் பார்த்தார். மூடித் திறந்தார். ஒன்று கூடியது. இன்னொரு தரம் திறந்தார். இன்னொன்று. நான்கு நாளாக, அழிந்துவிட்டதா என்று பார்த்துப் பார்த்து, அவரே அதை மேலே ஏற்றியிருந்தார்.

சனிக்கிழமை கண்ணப்பன் வந்தான்.

“இன்னா ஆச்சி?”

“செத்துட்டாரு.”

“அவரு போனா அது போவாதா?”

“போவாது.”

“எவ்ளோ நாளு இருக்கும்?”

“தெரியல. பாகக்கா அம்மாவோடது பன்னெண்டு வருசமா கீது.”

கண்ணப்பனுக்கு அது யாரென்று தெரியாது, கேட்கவும் இல்லை. துளசிங்கத்தின் மடியிலிருந்து வலையை மெதுவாக இழுத்துச் சுருட்டினான். பாதி அடைத்த கிழிசலில் ஊசி நூலோடு தொங்கியது. நூலைப் பல்லால் கடித்து அறுத்து, ஊசியை மாமாவின் கையில் வைத்தான். “நாளைக்கு நீ கூட்டத்துக்கு வராத மாமா. நின்னுகினு கேக்க வேணாம்,” என்று சொல்லிவிட்டு வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போனான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கோயில் பக்கத்திலிருந்து பேச்சுச் சத்தம் வீடு வரை வந்தது. என்ன பேசினார்கள் என்று பிரித்துக் கேட்க முடியவில்லை. துளசிங்கம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். போன் தரையில் முகம் குப்புறக் கிடந்தது.

இருசம்மாள் கருவாட்டுக் கூடையை இறக்கிவைத்துவிட்டுப் பார்த்தாள்.

“இன்னாய்யா, படிக்கலியா? சார்ஜ் பூடிச்சா?”

“இல்ல. கீது.”

“பின்ன?”

“தொறந்தா ஒண்ணு கூடும்,” என்றார்.

அவளுக்கு விளங்கவில்லை. போனை எடுத்துப் புடவையில் துடைத்து, அவர் கைக்கு எட்டாத மேல் பலகையில் வைத்தாள்.