ஊறல் நேரத்தில் போன செய்தி

அடுப்பில் பதித்திருக்கும் கடிகாரம் ஆறரை என்றது. கையில் இருந்த போன் ஏழரை என்றது. மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிறு. இந்த நாட்டில் நாம் தூங்கிக்கொண்டிருக்கும்போதே ஒரு மணி நேரத்தை எடுத்துவிடுகிறார்கள். அக்டோபரில் திருப்பிக் கொடுக்கிறார்கள். போன் தானாகத் திருந்திக்கொள்ளும். அடுப்பை நாம்தான் திருத்த வேண்டும். இதற்கு ஸோம்மர்ட்ஸைட், கோடை நேரம் என்று பெயர். ஜன்னலுக்கு வெளியே மரத்தில் ஒரு இலைகூட இல்லை. ஜெர்மனியில் லைப்சிக் நகருக்கு வந்த முதல் வருடம் இதை அம்மாவிடம் சொன்னபோது, "நேரத்த எப்புடிடி மாத்துவாக? சூரியன்ட்ட சொல்லிட்டாகளா?" என்று கேட்டார்.

அடுப்பின் பொத்தானை அழுத்தப் போகும்போது போன் ஒலித்தது. "செல்வராணி, உங்கள் முறை. மோட்டாரைப் போடலாம்." என் அத்தைக்குப் போகிற, நான் எழுதிய வாசகம். நான் செய்த ஆப். சரியாகப் போகிறதா என்று பார்க்க என் எண்ணையும் அதில் சேர்த்து வைத்திருந்தேன். குளிர்காலம் முழுவதும் இந்த முறைக்கான செய்தி, யார் பெயருக்கானாலும், ஏழரைக்குத்தான் வந்தது. அது ஊரில் நண்பகல். இன்றும் ஏழரைக்கே வந்திருக்கிறது. ஆனால் இங்கே ஒரு மணி நேரம் நகர்ந்துவிட்டது, எங்கள் ஊர் வல்லத்திராக்கோட்டையில் நகரவில்லை. அங்கே இப்போது பதினொன்று. பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை எங்கள் கிணற்றுக்கு ஊறல் நேரம். அப்பா கிணற்றுக்குள் இருப்பார்.

முந்தின நாள் மாலைதான் சொல்லியிருந்தார். "பைப்பு அடியில ஃபுட் வால்வுல சருகு அடைச்சிருச்சு போல. தண்ணி பாதிதான் வருது. நாளைக்கு ஊறல் நேரத்துல எறங்கிப் பாக்கணும்."

எங்களுடையது ஐந்து குடும்பத்தின் கூட்டுக் கிணறு. காலை முறை முடிந்ததும் ஒரு மணி நேரம் மோட்டாரை யாரும் தொடக்கூடாது. ஊற்றுக்கண் திறந்து தண்ணீர் ஏற வேண்டும். கிணற்றில் செய்ய வேண்டிய வேலை எதுவானாலும் அந்த நேரத்தில்தான் செய்வார்கள். முறை முடித்தவர் அடுத்தவரை நேரில் பார்த்து "போட்டுக்கங்க" என்று சொன்ன பிறகே அவர் மோட்டாரைப் போடுவார். சண்டை போட்டுப் பேச்சு நின்றுபோன நாட்களில்கூட வரப்பில் நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு, அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லிவிட்டுப் போவார்கள்.

பிறகு மோட்டார் கொட்டகைக்குச் சிம் கார்டு போட்ட பெட்டி வந்தது. எங்கிருந்தும் அதற்குப் போன் செய்து ஒரு எண்ணை அழுத்தினால் மோட்டார் ஓடும். அப்பாவின் அக்கா செல்வராணி அத்தை திருக்கோகர்ணத்துக்கு, மகள் வீட்டோடு போய்விட்டார். அவர் பங்கு நிலத்தை ஆள் வைத்துப் பார்க்கிறார், மோட்டாரை அங்கிருந்தே போடுகிறார். சித்தப்பா மகன் சரவணன் திருமயத்தில் மொபைல் கடை வைத்திருக்கிறான். அவன் கடையில் இருந்தே போடுவான். யார் முறை எப்போது முடிந்தது என்று ஆளாளுக்குப் போன் செய்வதும், எடுக்காமல் போவதும், அதனால் முறை வீணாகி ஏச்சுப் பேச்சு வருவதும் வழக்கமாகிவிட்டது.

நான் மெக்கானிக்கல் படித்தவள். இங்கே கார் கதவுப் பூட்டுகளைச் சோதிக்கும் வேலை. கோட் எழுதத் தெரியாது. ஆனால் எங்கள் பகுதி நூலகத்தில் கோட் எழுதாமலே ஆப் செய்கிறவர்கள் சனிக்கிழமைகளில் கூடுகிறார்கள். ஒரு செவிலியர், பணிநேரத்தை மாற்றிக்கொள்ள ஒன்று செய்திருக்கிறார். ஒரு ரொட்டிக் கடைக்காரர், மாலையில் மிஞ்சும் ரொட்டிக்கு ஒன்று. திரையில் கட்டங்களை இழுத்து வைத்து, அம்புக்குறியால் இணைத்து, பெயர்களை ஒரு அட்டவணையில் போட்டால் ஆப் தயார். அங்கேதான் அன்கேயைச் சந்தித்தேன். இங்கே அடுக்குமாடி வீடுகளின் நிலவறையில் பொதுவாக ஒரு வாஷ்க்யூஷெ இருக்கும்: எல்லோருக்கும் பொதுவான துணி துவைக்கும் அறை. யார் எப்போது துவைப்பது என்று முறை உண்டு. அன்கே செய்த ஆப் அதற்குத்தான். அதன் டெம்ப்ளேட்டை எனக்குக் கொடுத்தார். ஐந்து குடும்பம், ஒரு கிணறு, ஆளுக்கொரு நேரம் என்று நான் விளக்கியபோது கண்கள் விரிய, "எவ்வளவு அழகு! பிள்ளைகளும் நீந்துவார்களா?" என்று கேட்டார். கிணறு என்பதை நீச்சல் குளம் என்று புரிந்துகொண்டிருக்கிறார். நான் திருத்தவில்லை. எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.

டெம்ப்ளேட்டில் "துணி துவைக்க" என்று இருந்த இடத்தில் "மோட்டாரைப் போட" என்று மாற்றினேன். நேரம் கேட்ட கட்டங்களில், வெளிநாட்டில் இருக்கும் யாரும் யோசிக்காமல் செய்கிற காரியத்தைச் செய்தேன். அம்மாவுக்குப் போன் செய்யுமுன் மனத்துக்குள் போடுகிற அதே கழித்தல். ஊர் நேரத்தில் நாலரை மணியைக் குறைத்து, இங்கத்திய நேரமாக எழுதினேன். அப்போது டிசம்பர். நாலரை சரியாக இருந்தது. கோடை நேரம் வந்தால் அது மூன்றரை ஆகிவிடும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அதைப் போனில் பேசுகிற விஷயமாகத்தான் வைத்திருந்தேன். ஆப்புக்கும் அது பொருந்தும் என்று தோன்றவே இல்லை.

பயம் வந்தால் நான் மனத்துக்குள் வரிசை போட்டுக்கொள்வேன். அது என் பழக்கம். அன்றும் போட்டேன். போன செய்தியைத் திரும்ப எடுக்க முடியுமா? முடியாது. ஆப்பை நிறுத்தினால்? இனிமேல் போக இருப்பதுதான் நிற்கும். மின்சாரத்தைத் துண்டிக்க, கொட்டகையில் பீஸ் கட்டையைப் பிடுங்கிவிட்டு இறங்கியிருப்பாரா? மாட்டார். முன்பு கிணற்றில் இறங்குகிறவர் பீஸ் கட்டையைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டுதான் இறங்குவார். பெட்டி வந்த பிறகு, கட்டையைப் பிடுங்கினால் ஐந்து வீட்டுக்கும் "கரண்ட் இல்லை" என்று செய்தி போய், ஆளாளுக்குப் போன் செய்து கத்துகிறார்கள் என்று அதை விட்டுவிட்டார்கள். அந்த மோட்டார் பழையது. ஓடும்போது பைப்பில் கை வைத்தால் எர்த் அடிக்கும். காய்ந்த கைக்கே சுருக்கென்று இழுக்கும். அப்பா இடுப்பளவுத் தண்ணீரில் பைப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பார். வரிசை அங்கே நின்றுவிட்டது.

அப்பாவுக்குப் போன் செய்தேன். முழுதாக அடித்து ஓய்ந்தது. அத்தைக்குச் செய்தேன். வேறொரு அழைப்பில் இருந்தார். அம்மாவுக்குச் செய்தேன்.

"என்னடி, ஞாயித்துக்கெழமையுமா இந்நேரமே எந்திரிச்சுட்ட?"

"அப்பா எங்கம்மா?"

"கெணத்துக்குப் போயிருக்காக. கஞ்சியக் குடிச்சுட்டு அப்பவே கெளம்பிட்டாக."

"போன எடுக்க மாட்டேங்குறாங்கம்மா."

"சட்டையக் கழத்தி வேப்பங்கொப்புல மாட்டிட்டு எறங்கியிருப்பாக. போனு சட்டப்பையிலதான கெடக்கும்? சட்டையோடயா கெணத்துல எறங்குவாக?"

"அம்மா, ஓடிப் போயி பீஸப் பிடுங்கும்மா. யாராவது மோட்டாரப் போட்டுருவாங்க. ஓடும்மா!"

என் குரலில் என்ன கேட்டாரோ, அம்மா உடனே ஓடினார். செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு செருப்பில்லாத ஓட்டம். வீட்டிலிருந்து கிணறு கூப்பிடு தூரம் இல்லை. நடுவில் கருவேலங்காடு ஒன்று இருக்கிறது. அழைப்பைத் துண்டிக்க மனமில்லை, ஆனால் போன் ஒன்றுதான். துண்டித்துவிட்டு மறுபடி அத்தையை அழைத்தேன். வேறொரு அழைப்பு. மறுபடி. வேறொரு அழைப்பு. மோட்டாரைப் போடுவதும் ஒரு அழைப்புதான் என்பது அப்போதுதான் உறைத்தது. அத்தை அந்தப் பெட்டியோடு பேசிக்கொண்டிருக்கிறாரோ? சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மாடி வீட்டில் யாரோ குளிக்கிறார்கள். சுவருக்குள் தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை என்னால் கேட்க முடியவில்லை. காதைப் பொத்திக்கொண்டேன்.

கடைசியில் அத்தையே அழைத்தார்.

"ஏன்டி, ஒங்கப்பன் எங்கிட்டுப் போயித் தொலஞ்சான்? அடிச்சுக்கிட்டே இருக்கேன், எடுக்கவே மாட்டேங்குறான்."

"அத்தை, மோட்டார் போட்டீங்களா?"

"எப்புடிப் போடுறது? அவன் ஒரு வார்த்த சொல்ல வேணாமா?"

"மெசேஜ் வந்துச்சுல்ல?"

"அது எம் மொறைக்கெல்லாம் வருது. வந்ததும் ஒங்கப்பனுக்குப் போன் போடுவேன். 'யாரும் எறங்கல'ம்பான், இல்லாட்டி 'ஏறிட்டேன், போட்டுக்கக்கா'ம்பான். அதுக்கப்பறந்தான் போடுவேன். ஒன் மெசேஜு நல்லாத்தான்டி இருக்கு, கோயில் மணி மாதிரி. மணி அடிச்சா சாமி வந்துருச்சுன்னா அர்த்தம்?"

நான் அழுததை அத்தை சிரிப்பு என்று நினைத்துக்கொண்டு, தன் பேச்சுக்குத் தானே சிரித்தார். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் வேப்பங்கொப்பில் தொங்கிய ஒரு சட்டையை அழைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

சற்று நேரத்தில் அப்பா அழைத்தார். பின்னால் அம்மா மூச்சு வாங்கியபடி ஏசிக்கொண்டிருந்தார். அம்மா பீஸ் கட்டையைப் பிடுங்கிவிட்டதால் ஐந்து வீட்டுப் போனிலும் "கரண்ட் இல்லை" என்று அடித்துக்கொண்டிருந்தது. "என்ன ஆத்தா, ஒங்கம்மா கல்லுமுள்ளுல ஓடியாந்து நிக்கிறா? சருகத்தான எடுத்தேன்," என்றார் அப்பா. அவர் குரலில் பயத்தின் சாயலே இல்லை. அவருடைய பங்கையும் சேர்த்து நான் பயப்பட்டிருந்தேன்.

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்கள், அதுதான் ஒன்றும் நடக்கவில்லையே என்று நினைக்கலாம். அன்கேயும் அதைத்தான் சொன்னார். நேர அமைப்பில் ஒரே ஒரு இடத்தை மாற்றிக் காட்டினார். "பார், சரியாகிவிட்டது. இனி உங்கள் ஊர் நேரப்படியே போகும்." போகும்தான். ஆனால் அன்று அந்த முறை அத்தையுடையதாக இருந்தது தற்செயல். மறுநாள் அதே நேரத்து முறை சரவணனுடையது. அவன் யாருக்கும் போன் செய்யமாட்டான். செய்தி வந்த நொடியில் போட்டுவிடுவான். ஆப்பைப் பற்றி அவன் சொன்னதைத்தான், மற்ற ஊர்க் கிணறுகளுக்கும் அதைத் திறந்துவிடுவதற்கான வெளியீட்டுப் பக்கத்தின் உச்சியில் மூன்று மொழிகளில் போட்டிருந்தேன்: "யாரிடமும் பேச வேண்டியதில்லை!" எழுதியபோது அது பெருமையாக இருந்தது. முதலில் அந்த வரியை அழித்தேன்.

அடுத்த சனிக்கிழமை வெளியீடு என்று இருந்தது. ஆலங்குடிப் பக்கத்திலிருந்தும் திருமயம் பக்கத்திலிருந்தும் கிணற்றுக்காரர்கள் பெயர் கொடுத்திருந்தார்கள். அந்தக் கிணறுகளை நான் பார்த்ததில்லை. அவற்றில் யார் இறங்குவார், சட்டையை எந்தக் கொப்பில் மாட்டுவார் என்பது எனக்குத் தெரியாது. "கிணற்றில் யாரும் இல்லை" என்று உறுதி செய்யும் கட்டம் ஒன்றைச் சேர்த்துப் பார்த்தேன். கட்டிலில் படுத்துக்கொண்டே அதை அழுத்தலாம். பூட்டுச் சோதிக்கிறவளுக்கு அது தெரியாதா? எடுத்துவிட்டேன். வரப்பில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றவர்கள் சொன்ன ஒரு வார்த்தையை, வீணான படி என்று நினைத்து என் ஆப்பின் கட்டங்களிலிருந்து நான் எடுத்திருந்தேன். அதைத் திரும்ப வைக்க என்னிடம் கட்டம் இல்லை. வாஷிங் மெஷினுக்குள் யாரும் இறங்கி நிற்பதில்லை. அன்கேயின் டெம்ப்ளேட்டில் அதற்கு இடம் இருக்க நியாயமில்லை.

வெளியீட்டை நிறுத்தினேன். எங்கள் கிணற்றுக்கும் ஊறல் நேரம் முடிந்ததும் போகும் செய்தியை நிறுத்திவிட்டேன். இப்போது அப்பா கிணற்றைப் பார்த்துவிட்டு, இறங்கியிருந்தால் ஏறியதும், என்னை அழைக்கிறார். நான் அடுத்த முறைக்காரரை அழைத்துச் சொல்கிறேன். அத்தைக்கு இதில் குறை ஒன்றும் இல்லை. "என்னக்கா, ஆப்பு போயி நீயே ஆப்பாயிட்டியா?" என்கிறான் சரவணன். ஆனால் என் போனை எடுக்கிறான். நான் சொல்லும்வரை போடுவதில்லை என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். அவன் சத்தியத்தை நான் முழுதாக நம்பவில்லை. அதனால்தான் அப்பா இறங்கும் நாட்களில் பீஸ் கட்டை இப்போது அம்மாவின் மடியில் இருக்கிறது. அவர் மறந்துபோகும் நாள் ஒன்று வரும் என்றும் நினைத்துக்கொள்கிறேன்.

ஊரில் ஊறல் நேரம் முடியும்போது எங்கள் தொழிற்சாலையில் காலைச் சிற்றுண்டி இடைவேளை. உள்ளே போனுக்குச் சிக்னல் இல்லை. பின்பக்கக் கதவுக்கு வெளியே கிடைக்கும். ஆனால் அந்தக் கதவு மூடிக்கொண்டால் வெளியிலிருந்து திறக்காது. அதனால் ஒரு காலை உள்ளே வைத்து, பாதுகாப்புக் காலணியால் கதவைத் தாங்கிக்கொண்டு, உடம்பை வெளியே நீட்டி நிற்கிறேன். முதுகுக்குப் பின்னால் இயந்திரங்களின் சூடு. முகத்தில் ஏப்ரல் மாதத்தின் ஈரக் குளிர். இன்றும் நிற்கிறேன். அப்பா இறங்கியிருக்கிறார். சரவணனின் முறை.

இடைவேளை முடியும் மணி அடித்துவிட்டது. "கொம்ஸ்ட் டூ?" உள்ளே யாரோ கேட்கிறார்கள்: வருகிறாயா? கதவு காலை நெருக்குகிறது. போன் இன்னும் அடிக்கவில்லை. "ஏறிட்டேன்" என்ற ஒரு சொல் வரும்வரை, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் காலை எடுத்து வைக்க எனக்குத் தைரியமில்லை.