மெதுவா மேடம்

யாராக இருந்தாலும் முதலில் பட்டையைப் பிடித்து இரண்டு இழுப்பு. வணக்கமெல்லாம் அதற்குப் பிறகுதான். காலை ஏழு மணிக்குப் படகுத்துறையில் வரிசையாக நிற்கிறவர்களின் லைஃப் ஜாக்கெட்டைத் தோளருகே பிடித்து மேலே இழுத்துப் பார்ப்பார் மேடம். ஜாக்கெட் காதுவரை ஏறிவிட்டால் ஆள் படகில் ஏற முடியாது. “தண்ணில விழுந்தா இது மிதக்கும், நீங்க மிதக்க மாட்டீங்க” என்பார், முகத்தில் சிரிப்பே இல்லாமல். மகள் கல்லூரிக்குக் கிளம்பும்போது அவள் முதுகுப்பைக்கும் இதே இரண்டு இழுப்பு உண்டு. “நான் காலேஜுக்குப் போறேம்மா, ஏரிக்கு இல்ல” என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்துவிட்டது.

வட்டாரக் காட்டுயிர் மற்றும் படகுக் காவல் பிரிவுக்கு இவர்தான் தலைவர். ஒரு பெரிய ஏரி, அதில் வந்து விழும் இரண்டு ஆறுகள், மூன்று படகுகள், ஒரு ஜீப், ஒன்பது காவலர்கள். இத்தனையையும் மேய்க்கிற பெண்மணி ஐந்தடியைத் தாண்டமாட்டார். தொப்பியைக் கழற்றினால் நெற்றியில் பாதி கறுப்பு, பாதி மாநிறம். நாணல் ஓரமாக எவராவது படகை விரட்டினால் இவர் கையை மேலும் கீழும் அசைத்து, “மெதுவா, மெதுவா” என்று குரல் கொடுப்பார். அதனால் ஏரிக்காரர்களுக்கு இவர் ‘மெதுவா மேடம்’. பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது.

அலுவலகம் துறையை ஒட்டிய ஓட்டுக் கட்டிடம். ஒரு மூலையில் பறிமுதல் செய்த வலைகள், தூண்டில்கள், வேட்டைக்காரர்கள் பறவைகளை ஏமாற்றி இழுக்க மிதக்கவிட்ட, சீட்டு கட்டிய ஒரு பொம்மை வாத்து. சுவரில் ஏரியின் வரைபடம். பறவைகள் கூடு வைத்திருக்கும் இடங்களில் சிவப்புக் குண்டூசிகள். காவலர்களில் இருவர் பேசிக்கொள்வதில்லை என்று தெரிந்தால் மறுவாரமே இருவரையும் ஒரே படகில் போட்டுவிடுவார். “பத்தடிப் படகு. எவ்வளவு நேரம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்க முடியும்?” இதுவரை மூன்று சண்டைகள் இப்படித் தீர்ந்திருக்கின்றன. நான்காவதில் ஒருவர் தண்ணீரில் விழுந்தார். அவரை மற்றவர்தான் தூக்கினார்.

விதி மீறியவர்களுக்குக் கொடுக்கும் நோட்டீஸில் ‘பிடிபட்டவர் சொன்னது’ என்றொரு கட்டம் உண்டு. அதில் அலங்காரம் கூடாது, வாயில் வந்ததை அப்படியே எழுத வேண்டும் என்பது மேடத்தின் உத்தரவு. “ஜாக்கெட் போட்டா போட்டோல குண்டாத் தெரியறேன்.” “மீன் தானாவே படகுக்குள்ள குதிச்சிருச்சு, நான் என்ன பண்றது?” திங்கட்கிழமைக் கூட்டத்தில் இவற்றை அவர் செய்தி வாசிப்பதுபோல வாசிக்க, ஒன்பது பேரும் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள்.

இந்த வருடம் கூடுகட்டும் பருவத்தில், ஒரு நாள் காலை பத்து மணிக்கு ரேடியோ அலறியது. அக்கரையில் ஒருவர் தண்ணீரில் விழுந்து தத்தளிக்கிறார். மேடம் படகில் இருந்தார். கூடவே ‘மீசை’ என்று எல்லோரும் அழைக்கும் துணை அதிகாரி. பெருவழியில் சுற்றிப் போனால் ஒன்பது நிமிடம். நாணல்களுக்கு நடுவே குறுக்குக் கால்வாயில் புகுந்தால் ஐந்து. ஆனால் அந்தக் கால்வாயில் பருவம் முடியும்வரை எஞ்சினே ஓடக்கூடாது, எந்த அவசரத்துக்கும் விலக்கு இல்லை. மேடம் ஒரு நொடி யோசித்தார். பிறகு விசையை முழுக்கத் திருகிக் கால்வாய்க்குள் பாய்ந்தார்.

அக்கரையில் ஒரு மனிதர் இடுப்பளவுத் தண்ணீரில் கைபேசியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். “ஃபோன் நனையலீங்க” என்றார் பெருமையாக.

எஞ்சினை அணைத்து, துடுப்புப் போட்டுக் கால்வாய் வழியே திரும்பியபோது வலைக்காரர் தன் படகில் நின்றிருந்தார். ஏரியில் முப்பது வருடமாக மீன் பிடிக்கிறவர். போன மாதம் இதே கால்வாயில் எஞ்சின் போட்டதற்காக மேடம் கையாலேயே நோட்டீஸ் வாங்கி, இரண்டு வாரம் எஞ்சினைத் தொட முடியாமல் துடுப்புப் போட்டவர். அவர் தண்ணீரைக் காட்டினார். முக்குளிப்பான் பறவை நாணலில் பிணைத்து மிதக்கவிட்டிருந்த கூடு, சாப்பாட்டுத் தட்டளவு, கவிழ்ந்து கிடந்தது. முட்டை ஒன்றுகூட இல்லை. தாய்ப்பறவை சற்றுத் தள்ளி முங்குவதும் எழுவதுமாக இருந்தது.

“அன்னைக்கு என்னைப் பிடிச்சீங்க” என்றார் வலைக்காரர். குரலில் கோபம் இல்லை. “இன்னைக்கு யாரைப் பிடிக்கறது?”

மேடம் அந்தக் கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மீசையிடம், “நோட்டீஸ் புக்கை எடுங்க” என்றார்.

“மேடம், ஒரு உயிர் போகுதுன்னுதானே போனோம்? காவலர் பயிற்சிப் பள்ளித் தலைவர் போஸ்டுக்கு உங்க பேருதான் முதல்ல இருக்கு. அடுத்த மாசம் லிஸ்ட் வருது. இப்பப் போயி…”

“எடுங்க. பேரு, வயசெல்லாம் நீங்களே போடுங்க. உங்களுக்குத் தெரியாததா?”

மீசை வேண்டாவெறுப்பாக எழுதினார். ‘பிடிபட்டவர் சொன்னது’ கட்டம் வந்ததும் பேனாவை நிறுத்தினார். பிறகு மேடம் சொல்லச் சொல்ல அப்படியே எழுதினார்: ‘அவசரம்னு நினைச்சேன். சுத்திப் போயிருந்தா நாலு நிமிஷம் கூடுதலா ஆகியிருக்கும். கூடு அங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்.’ தண்டனையும் வலைக்காரருக்குக் கொடுத்ததேதான்: இரண்டு வாரம் எஞ்சினைத் தொடக்கூடாது. திங்கட்கிழமை அதையும் மேடம் வாசித்தார். யாரும் சிரிக்கவில்லை.

தலைமையகத்து இயக்குநர் போனில் கேட்டார், “இதை எழுதச் சொல்லி யாராவது கேட்டாங்களா?”

“வலைக்காரர் கேட்டாருங்க சார்.”

அடுத்த மாதம் பட்டியல் வந்தது. பயிற்சிப் பள்ளிக்கு வேறொருவர். காரணம் என்று யாரும் எதையும் சொல்லவில்லை. மேடமும் கேட்கவில்லை. ஆனால் அன்று மாலை வீட்டில் ஏற்கெனவே காய்ந்து மடித்திருந்த துணிகளை எல்லாம் பிரித்து மறுபடி மடித்தார். தையல்கடை வைத்திருக்கும் கணவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “அந்த ஸ்கூலைச் சுத்தி நாப்பது மைலுக்குத் தண்ணியே கிடையாதாம்” என்றார். “நீ அங்க போயி யாரை மெதுவான்னு சொல்லுவ?” மேடம் சட்டென்று சிரித்துவிட்டார், சிரித்த வேகத்தில் கண்ணில் தண்ணீரும் வந்தது. கடைசிச் சட்டையைக் கணவர் வாங்கி மடித்தார்.

பட்டியல் வருவதற்கு முன், அந்த இரண்டு வாரத் தண்டனை நாட்களிலும் அவர் ரோந்துக்கு வராமல் இருந்துவிடவில்லை. மீசை படகை ஓட்ட, முன்பலகையில் பயணிபோல உட்கார்ந்து வந்தார். மூன்றாம் நாள் மீசைக்குக் குறும்பு தலைக்கேறியது. காற்றில்லாத பெருவழியில், எவ்வளவு வேகமாகவும் போகலாம் என்கிற இடத்தில், படகை நகர்த்தினாரா இல்லையா என்று தெரியாத அளவுக்கு நகர்த்தினார். ஒரு நீர்க்கோழி அவர்களை முந்திக்கொண்டு போனது. அதன் பின்னால் அதன் குஞ்சுகளும் போயின. மேடத்தின் வலது கை தன்பாட்டுக்கு விசையைத் தேடி ஒருமுறை பின்பக்கமாக நீண்டது, பிறகு திரும்பி வந்தது.

“வேகம் போதுமா மேடம்?” என்றார் மீசை, பவ்யமாக.

“நல்லா இருக்கு. இப்படியே போங்க” என்றார் மேடம், திரும்பிப் பாராமல். சொல்லிவிட்டு அந்த வலது கையைத் தொடைக்குக் கீழே செருகி, அதன்மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டார்.