மின்னும் பக்கத்தில் வைத்த பொட்டு

எங்கள் வீட்டில் சரஸ்வதி பூசையன்று பொட்டு வைக்கிற வேலை என்னுடையது. அரிவாள்மனை, அப்பாவின் மண்வெட்டி, மொபெட், அம்மாவின் தையல் மெஷின், என் புத்தகப்பை என்று வரிசையாகச் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே போவேன். ஒன்றை விட்டுவிட்டாலும் சரஸ்வதித் தாயார் கோபித்துக்கொள்வாள் என்று நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை இன்றும் எனக்குப் பெரிதாகக் குறைந்துவிடவில்லை. ஆனால் ஒன்பது வயதில் நான் வைத்த ஒரு பொட்டை நினைத்தால் மட்டும் இப்போதும் கை கூசும்.

பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில் அப்பா வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தார். அவருடைய தங்கை, என் அத்தை, கரூரில் வாழ்க்கைப்பட்டவள். ஆடிக்கு வந்தவள் புரட்டாசி முடியப்போகிற சமயத்திலும் திரும்பிப் போகவில்லை. அவள் சேலைகள் எல்லாம் கட்டிலுக்கடியில் தகரப்பெட்டிக்குள்தான் இருக்கும். ஒன்றை எடுத்து உடுத்துவாள், துவைத்து மடித்துத் திரும்பவும் பெட்டிக்குள்ளேயே வைப்பாள். வீட்டில் ஒரு கரண்டி விழுந்தால்கூடத் திடுக்கிடுவாள், கை தானாக முகத்துக்கு முன்னால் வந்து நிற்கும். எனக்கு அது பெரிய வேடிக்கை. அதற்காகவே இரண்டு மூன்று தடவை வேண்டுமென்றே தட்டைக் கீழே போட்டிருக்கிறேன்.

கல்யாணத்துக்கு முன்பே அத்தை தமிழ் டைப்பிங் படித்திருந்தாள். வீட்டில் இருந்தபடியே மனுவும் நோட்டீசும் அடித்துக் கொடுக்கலாம் என்று பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிவிட்டாள். ஆனால் அது எதைச் சொன்னாலும் இங்கிலீஷில்தான் சொல்லும். பத்தாவது வரை தமிழில் படித்த அத்தை எதையாவது அமுக்குவாள், அது அப்படியே நின்றுபோகும். முதல் வேலையாக எடுத்த மாரியம்மன் கோயில் நோட்டீசும் அப்படியே கிடந்தது. இதற்குள் கரூரிலிருந்து இரண்டு தடவை வந்து கூப்பிட்டுப் பார்த்து, அத்தை வராமல் திரும்பிப் போயிருந்தார்கள்.

"ஊருக்குள்ள கேக்கறாங்க அம்மிணி" என்றார் அப்பா. "விஜயதசமிக்குள்ள கோயில் நோட்டீசை அடிச்சுக் குடுத்துட்டீன்னா இங்கயே இருந்து இந்த வேலையப் பாரு. இல்லீனா வெள்ளிக்கிழமை நானே கரூர் பஸ்ஸுல கொண்டுபோயி உட்டுர்றேன்."

என்னையும் கூட்டிப்போவதாகச் சொன்னார். காவிரிப் பாலத்தின் மேல் பஸ் போகும்போது ஜன்னலோரம் உட்கார வேண்டும் என்பதுதான் அன்றைக்கு என் கவலை.

கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் வேலை பார்த்த மாமா, அம்மாவின் தம்பி, பூசை விடுமுறைக்கு ஒரு சி.டி.யுடன் வந்தார். அதற்கு லினக்ஸ் என்று பேர், யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், காசு கிடையாது, தமிழிலேயே பேசும் என்றார்.

அப்பா நம்பவில்லை. "ராத்திரி பகலாப் பாடுபட்டுப்போட்டு சும்மா குடுக்க அவனுக்கென்ன தலையெழுத்தா மாப்ளே?"

"கோயில்ல அன்னதானம் போடறவிங்களும் சும்மாத்தானுங்க போடறாங்க" என்றாள் அம்மா.

"இவிங்க சாப்பாட்டையும் போட்டு, சமைக்கற பக்குவத்தையும் எழுதிக் குடுத்துருவாங்கக்கா" என்றார் மாமா.

அன்னதானம் என்றதும் அம்மாவுக்கு அந்தச் சி.டி. மேல் பக்தியே வந்துவிட்டது. புத்தகங்களோடு பூசையில் வைத்து, விஜயதசமி காலையில் எடுத்துத் தொடங்கச் சொன்னாள். பொட்டு வைக்க நான் போனேன். உறை மேல் வைத்தால் சாமிக்கு எப்படித் தெரியும் என்று தோன்றவே வெளியே எடுத்தேன். ஒரு பக்கம் எழுத்து. திருப்பினால் வானவில்லாக மின்னியது, நடுவில் என் முகம். என் நெற்றி தெரிந்த இடத்தில் ஒன்று, இரு பக்கமும் ஒவ்வொன்று என மூன்று பொட்டு வைத்தேன். காய்ந்ததும் பத்திரமாக உறைக்குள் போட்டேன்.

மறுநாள் தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, மாமா எழுத்துப் பக்கம் மேலாகச் சி.டி.யை உள்ளே தள்ளினார். திரை என்ன மொழி என்று கேட்டது. தமிழை அமுக்கியது அத்தைதான். அதற்குப் பிறகு வந்ததை எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வாய்விட்டுப் படித்தாள். வட்டில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும், தொடரலாமா என்று ஓர் இடத்தில் கேட்டது.

"கம்ப்யூட்டருக்குள்ள இருக்கற பழசெல்லாம் போயிருமுங்க" என்றார் மாமா.

"போனாப் போவட்டும்" என்று அமுக்கினாள்.

திரையில் ஒரு நீலக்கோடு மெல்ல நகர்ந்தது. நூற்றுக்கு அறுபத்தொன்றில் நின்றது. உள்ளே கரகரவென்று சத்தம். மாமா முகம் மாறிவிட்டது. பழையது போய்விட்டது, புதியது வந்து சேரவில்லை, கையில் இருப்பதும் அந்த ஒரே சி.டி. அத்தை அதை வெளியே எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் என் விரலைப் பார்த்தேன். நகக்கண்ணில் குங்குமம் அப்படியே இருந்தது.

அந்த நேரம் பார்த்து அப்பா கொடிக்காலிலிருந்து வந்தார். "என்னாச்சு?"

"நாந்தானுங்ண்ணா. எதையோ மாத்தி அமுத்திப்போட்டேன்" என்றாள் அத்தை.

"இது உன்னால ஆவற வேலையா? வெள்ளிக்கிழமை பொட்டியக் கட்டிக்கோ."

மாமா வாயைத் திறக்க, அத்தை வேண்டாமென்று தலையசைத்தாள். அப்பா வெளியே போய்விட்டார். எனக்கு அடி தப்பியது, பஸ்ஸும் உறுதியாயிற்று. ஆனாலும் ஏனோ அழுகை வந்தது.

"அழுவாத சாமி. சாமிக்கு வெச்ச பொட்டுத்தான, ஒண்ணும் ஆவாது" என்று அத்தை பழைய சேலையின் முந்தானையை நனைத்துத் துடைக்க ஆரம்பித்தாள்.

"வட்டமாத் தொடைக்காதீங்க. நடுவுல இருந்து வெளிய" என்றார் மாமா.

கைக்குழந்தைக்கு முகம் துடைக்கிற மாதிரிதான் துடைத்தாள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். ஐம்பதைத் தாண்டியதும் அம்மா பூசை அறைக்கே போய்விட்டாள். அறுபது. அறுபத்தொன்று. அதிலேயே வெகுநேரம் நின்றது. அம்மா மாரியம்மனைக் கூப்பிடுவது மட்டும் கேட்டது. பிறகு அறுபத்திரண்டு.

சாயங்காலத்துக்குள் நோட்டீசை அத்தை அடித்து முடித்தாள். அப்பா வந்து பார்த்தார். மேலே மாரியம்மன் துணை என்றிருந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, திரையை ஒரு விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கோயில்காரர் வந்து பார்த்து, "எழுத்து முத்தாட்டம் இருக்குதுங்க" என்று சொல்லிப் போனார்.

அதன் பிறகு அப்பா யார் முகத்தையும் பார்க்காமல், "வெள்ளிக்கிழமை கொடிக்காலுக்குத் தண்ணி கட்டோணும். எங்கயும் போவ முடியாது" என்றார்.

"அப்பச் சனிக்கிழமை?" என்றேன்.

"இனிக் கரூர் கெடையாது."

எனக்கு வந்த ஆத்திரத்தில் சோற்றுத் தட்டை ஓங்கித் தரையில் போட்டேன். அது சுற்றிச் சுற்றி நின்று அடங்க நேரமாயிற்று. உள்ளே அத்தை தகரப்பெட்டியைத் திறந்து, சேலைகளை ஒவ்வொன்றாக அலமாரியில், என் பள்ளிக்கூடத் துணிகளுக்குப் பக்கத்தில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் அவள் கையையே பார்த்தேன். அது முகத்துக்குப் போகவில்லை.

"எடுத்து வெய்யி சாமி" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த சேலையை மடித்தாள்.

பஸ்ஸும் போயிற்று, இந்த வேடிக்கையும் போயிற்றே என்று நான் பலமாக அழுதேன்.